மூச்சுப் படிந்த முன்கண்ணாடி

போன் வந்த காலை

"அம்மா, எனக்கு ஒண்ணும் ஆகல" என்றுதான் நிவேதா ஆரம்பித்தாள். பிள்ளைகள் இப்படி ஆரம்பித்தால் ஏதோ ஆகியிருக்கிறது என்று அர்த்தம்.

நான் நெய்வேலி நகரியத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அந்த மார்கழிக் காலையில் எங்கள் பிளாக் பக்கத்து மைதானத்தில் ராமலிங்கம் சாருக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சுரங்கத்தில் பெரிய மெஷின் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மலை போன்ற மெஷினை ஓட்டியவருக்கு எங்கள் சின்னக் காரின் கிளட்ச் மட்டும் பிடிபடவில்லை.

நிவேதா என் ஒரே மகள். பண்ருட்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். காலை ஷிப்டுக்குச் சரியான நேரத்தில் பஸ் இல்லை என்பதால் அவளுக்கு ஒரு பழைய கார் வாங்கிக் கொடுத்திருந்தோம். நான்தான் அவளுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தேன். நன்றாக ஓட்டுவாள்.

"எங்க இருக்க?"

"காடாம்புலியூர் தாண்டலம்மா. முந்திரித் தோப்புக்குள்ள கார் எறங்கிடுச்சு. கண்ணாடி திடீர்னு வெள்ளையாயிடுச்சும்மா. ஒண்ணுமே தெரியல."

போனை வைத்துவிட்டு ராமலிங்கம் சாரோடு இடம் மாறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சாவியை இரண்டு தரம் தப்புப் பக்கம் திருப்பினேன். ராமலிங்கம் சார் என் கையைப் பார்த்தார்.

"நான் வேணா ஓட்டட்டுமா மேடம்?"

அரை கிளட்ச் கூடப் பழகாத மனிதர். மனப்பூர்வமாகத்தான் கேட்டார். அதைக் கேட்டதும்தான் எனக்கு நிதானம் வந்தது. அவரை ரோட்டோரம் இறக்கிவிட்டுக் கிளம்பினேன்.

கார் ரோட்டை விட்டு இறங்கி ஒரு முந்திரி மரத்தில் உரசி நின்றிருந்தது. இடது பக்கத்து சைடு மிரர் போயிருந்தது. ரோட்டில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று நின்றது. அதன் டிரெய்லருக்குப் பின்னால் விளக்கு கிடையாது. அவள் கார் அந்த டிரெய்லருக்குள் போயிருக்க வேண்டும். கடைசி நேரத்தில் மங்கலாக ஏதோ கறுப்பாகத் தெரிந்து இடது பக்கம் ஒடித்திருக்கிறாள்.

தோப்பில் சுள்ளி பொறுக்க வந்த ஒரு அம்மாள் இன்னும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு மிக அருகில்தான் கார் இறங்கியிருக்கிறது.

"கண்ணு தெரியலயா ஒனக்குன்னு கேட்டேன். தெரியலக்கான்னு சொல்லுது ஒங்க பொண்ணு. அப்புறம் நான் என்னாத்த திட்டுறது?" என்றாள் என்னிடம்.

டிராக்டர்காரர் விடவில்லை. "போனைப் பாத்துகினு வந்திருக்கும். இந்தக் காலத்துப் புள்ளைங்க எல்லாம் அப்பிடித்தான். கண்ணாடி வெள்ளையா இருந்துச்சாம். எங்க இருக்குது வெள்ளை? நீங்களே பாருங்க."

பார்த்தேன். அதற்குள் வெயில் வந்துவிட்டது. கதவும் திறந்து கிடந்தது. கண்ணாடியில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. நிவேதா லேப் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியின் உட்பக்கம் நெருங்கி வாயைத் திறந்து மூச்சை ஊதினேன். மூச்சு படிந்த இடத்தில் ஐந்து விரல் இழுத்த தடம் தெரிந்தது. பக்கத்தில் ஊதினேன், அங்கேயும் தடம். கண்ணாடி முழுக்க என் மகளின் உள்ளங்கை மங்கலைத் துடைத்துத் துடைத்து குறுக்கும் நெடுக்குமாக ஓடியிருந்தது.

டிராக்டர்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். அவரும் ஒரு தரம் ஊதிப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றார். அதற்குப் பிறகு அவர்தான் காரைத் தள்ளி ரோட்டில் ஏற்றிக் கொடுத்தார். பின் விளக்கு போடச் சொல்லி நானும் அவரை விடாமல் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

ஆளுக்கொரு வைத்தியம்

வீட்டுக்கு வந்த பிறகு அவள் சொன்னது இரண்டே வாக்கியம். "நான் இனிமே பஸ்லயே போறேன். முடியலன்னா வேலைய விட்டுடறேன்."

என் கணவர் சுரங்கத்தில் பெர்மனன்ட் தொழிலாளி. ஷிப்டுக்கு ஷிப்டு வாழ்ந்து பழகியவர். "பஸ்ல போவட்டும் செல்வி. உயிரோட வந்தாளே, அது போதும்" என்றார்.

எனக்கும் அது போதும் போலத்தான் இருந்தது. ஆனால் அந்த வேலைக்காக அவள் எவ்வளவு அலைந்தாள் என்று எனக்குத் தெரியும். ஒரு கண்ணாடிக்காக அதை விடுவதா? அது எப்படி ஒரு நொடியில் வெளுத்தது என்று தெரியாமல் நான் மட்டும் நாளைக்கு எந்த முகத்தோடு அடுத்தவர் பிள்ளைக்கு ஸ்டியரிங்கைக் கொடுப்பது? கண்டுபிடித்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

விஷயம் பிளாக் முழுக்கப் பரவியது. எங்கள் நகரியத்தில் எல்லா மாவட்டத்துக்காரர்களும் இருப்பதால் வைத்தியமும் எல்லா மாவட்டத்திலிருந்தும் வரும். புகையிலையை நனைத்துத் தேய்க்கச் சொன்னார் ஒருவர். உருளைக்கிழங்கை வெட்டித் தேய்க்கச் சொன்னார் எதிர்வீட்டு அம்மா. ஷாம்பூ தேய்த்தால் போதும் என்றார் பால்காரர். ஷாம்பூவைத் தேய்த்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் தாங்குகிறது, பொய் இல்லை. ஆனால் எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் அந்தப் படலத்தில் பட்டுக் கூசுகிறது. என் பிள்ளையை ஒரு குருட்டிலிருந்து இன்னொரு குருட்டுக்கு அனுப்ப எனக்கு இஷ்டமில்லை.

கணவருக்குக் கொடுத்த வேலை

மறுநாள் விடிந்தும் விடியாமலும் குவார்ட்டர்ஸ் வாசலில் அந்தக் காரில் உட்கார்ந்தேன். வெளியே நல்ல பனி. கணவருக்கு அந்த வாரம் செகண்ட் ஷிப்ட். அவரையும் எழுப்பிப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாங்க. மூச்சு விடுங்க, போதும்."

"இத்தன வருஷத்துல அதுக்காவது ஒரு வேல குடுத்தியே" என்றார்.

கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றி இரண்டு பேரும் குடித்தோம். டீ முடிவதற்குள் முன்கண்ணாடி மங்கிவிட்டது. எஞ்சினை ஸ்டார்ட் செய்து, காற்றை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பி, ஏசியைப் போட்டேன். கீழேயிருந்து மெல்லத் தெளிந்தது. இதுவரை எல்லாம் சரி.

நிவேதா அன்று என்ன செய்தாள் என்பதை வார்த்தை வார்த்தையாகக் கேட்டு வைத்திருந்தேன். கண்ணாடி லேசாக மங்கியிருக்கிறது, ஏசியைப் போட்டிருக்கிறாள், தெளிந்திருக்கிறது. பிறகு குளிர் தாங்காமல் ஏசியை மட்டும் அணைத்திருக்கிறாள். ப்ளோயர் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நானும் அதையே செய்தேன்.

கண்ணாடி அப்படியே வெளுத்துப் போனது. துணியைப் போட்டு மூடியது மாதிரி.

"அடேங்கப்பா" என்றார் கணவர். விளையாட்டுப் பேச்சு அதோடு நின்றது. நின்ற காரில், வீட்டு வாசலில், பக்கத்தில் ஆள் இருக்கும்போதே என் கை கதவைத் திறக்கப் போனது. அவள் இதற்குள் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

காரணம் இதுதான். ஏசி ஓடும்போது டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் என்ற சுருள் குழாய் சில்லிட்டு, காற்றிலிருக்கும் ஈரம் அதில் தண்ணீராகப் படியும். ஏசி ஓடும் காரின் அடியில் தண்ணீர் சொட்டுவது அதனால்தான். ஏசியை அணைத்துவிட்டு ப்ளோயரை ஓடவிட்டால், காயிலில் தங்கிய தண்ணீர் காற்றோடு கிளம்பி நேராகக் குளிர்ந்த கண்ணாடியில் போய் ஒட்டிக்கொள்ளும். உள்காற்றே சுற்றிச் சுற்றி வரும்படி லிவர் இருந்தால் அந்த ஈரம் வெளியேறவும் வழியில்லை.

லிவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளிக்காற்றை உள்ளே எடுப்பதா, உள்ளே இருக்கும் காற்றையே சுற்றவிடுவதா என்று மாற்றுகிற லிவர். எங்கள் ஊரில் அதை யாரும் தொடமாட்டார்கள். வெளியே நிலக்கரித் தூசியும் சாம்பலும் பறக்கிற ஊர். வெள்ளைச் சட்டை போட்டவர்கள் வெளிக்காற்றை விடுவார்களா? கார் வாங்கிய அன்று உள்காற்றில் தள்ளிய லிவர், விற்கிற வரைக்கும் அங்கேயே இருக்கும். சிலர் அது நகராமல் டேப் கூட ஒட்டி வைப்பார்கள்.

அந்த லிவரை வெளிக்காற்றுக்குத் தள்ளினேன். காத்திருந்தேன். கண்ணாடி அசையவில்லை, வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

என் ஸ்கூல் காரில் அதைத் தள்ளினால் ப்ளோயர் சத்தமே மாறும். மூக்குக்கு வெளி வாசனை வரும், ஈரமண்ணும் புகையும் கலந்து. இதில் சத்தமும் மாறவில்லை, வாசனையும் இல்லை. இறங்கிப் போய் சாமி அலமாரியிலிருந்து ஊதுவத்தி எடுத்து வந்தேன். பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே, வைப்பருக்குக் கீழே, கறுப்பாக ஓட்டை ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். வெளிக்காற்று உள்ளே போகிற வாசல் அதுதான். முதலில் ஸ்கூல் காரில் ப்ளோயரை ஓடவிட்டு அந்த இடத்தில் ஊதுவத்தியைக் காட்டினேன். புகை வளைந்து உள்ளே போனது. நிவேதாவின் காரில் காட்டினேன். புகை நேராக மேலே போனது.

"பூசைய முடிச்சிட்டியா?" என்று உள்ளேயிருந்து கேட்டார் கணவர்.

"சாமி உள்ள இல்லங்க. ஏதோ அடைச்சிகிட்டிருக்கு" என்றேன்.

தலையணை

நகரியத்து நுழைவாயிலான ஆர்ச் கேட்டுக்கு வெளியே மெக்கானிக் சேகர் ஷெட் வைத்திருக்கிறார். என் ஸ்கூல் கார்களை அவர்தான் பார்க்கிறார்.

"ஏசி கேஸ் செக் பண்ணட்டுமாக்கா?"

"கேஸ் நல்லா இருக்கு. வைப்பரைக் கழட்டி அந்தக் கறுப்புத் தட்டை எடுங்க."

எடுத்தார். உள்ளே கையை விட்டவர் சிரிக்க ஆரம்பித்தார். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. பழைய பஞ்சு ஃபோம். கறுப்பாக, ஊறிப்போய், நாற்றத்தோடு. பிழிந்தால் கரித்தண்ணீர் சொட்டியது.

"தலகாணியே வச்சிருக்கான் பாருக்கா. மைன்ஸ்ல ஓடுன வண்டியா இது?"

ஆமாம். இதற்கு முன் சுரங்கத்துக்குள் கான்ட்ராக்டில் ஓடிய கார். சேகர் சொன்னார்: "உள்ள கரி வரக் கூடாதுன்னு இப்பிடித்தான் அடைச்சிகினு ஓட்டுவாங்க. நானே நாலஞ்சு வண்டிக்கு வச்சிக் குடுத்திருக்கேன். ஆபீசருங்க சட்ட அழுக்காச்சின்னா டிரைவரத்தான திட்டுவாங்க."

சுரங்கத்துக்குள் அதில் தப்பில்லை. அங்கே பகலெல்லாம் வெயிலும் தூசியும்தான். அதே கார் மார்கழி விடியற்காலையில், தலைக்குக் குளித்த ஈரக் கூந்தலோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு முந்திரித் தோப்புகளுக்கு நடுவே போகும்போதுதான் பிரச்சினை. மழைத் தண்ணீரைக் குடித்த ஃபோம் காற்று வரும் வழியிலேயே உட்கார்ந்திருக்கிறது. அவள் எந்தப் பட்டனை அழுத்தியிருந்தாலும் வெளிக்காற்று வந்திருக்காது.

காரை விற்றவருக்குப் போன் செய்தேன். கோபமாகத்தான் ஆரம்பித்தேன்.

"ஆமாங்க மேடம், நான்தான் வச்சேன். என் கையால வச்சது. ஒரு துளி கரி உள்ள வராது. அதை எடுத்துடாதீங்க."

"எடுத்தாச்சு சார்."

"ஐயோ. எங்க வூட்டு சோபாவுல வெட்டி வச்சது மேடம் அது."

அவர் குரலில் இருந்த வருத்தம் நிஜம். தன் சோபாவைக் கொடுத்து வண்டியைக் காப்பாற்றியவரை நான் எப்படித் திட்டுவது? என் மகளுக்கு நடந்ததைச் சொன்னேன்.  "பாப்பா நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டார். பிறகு அவரே, "இன்னொரு வண்டிலயும் வச்சிருக்கேன். இன்னைக்கே எடுத்துடறேன்" என்றார்.

சேகர் வழியைச் சுத்தம் செய்து, ஃபில்டர் மாற்றி, சைடு மிரரும் போட்டுக் கொடுத்தார். கண்ணாடியின் உட்பக்கத்தை நானே துடைத்தேன். டேஷ்போர்டு பாலிஷும் கை எண்ணெயும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத பிசுக்கு அதில் இருக்கும். பிசுக்கு உள்ள கண்ணாடி சீக்கிரம் மங்கும். கையால் துடைப்பது அந்தப் பிசுக்கைத்தான் ஏற்றுகிறது. கால் மிதியின் கீழே ஈரமாகக் கிடந்த கார்ப்பெட்டையும் எடுத்து வெயிலில் போட்டேன்.

நிற்கிற காரில் பாடம்

கார் தயாராகிவிட்டது. நிவேதா தயாராகவில்லை. மாதக் கடைசி வரை லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். கார் நிற்கும் பக்கம் பார்க்காமல் நடந்தாள்.

"நாளைக்குக் காலைல கொஞ்ச நேரம் என்கூட உக்காரு. ஓட்ட வேணாம்" என்றேன்.

"எதுக்கும்மா?"

"கண்ணாடிய வெள்ளையாக்கப் போறேன்."

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான். ஆனா வண்டி நிக்கும்."

வந்தாள். டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, ப்ளோயர் இல்லாமல், ஆஸ்பத்திரிக் கதை, பக்கத்து வீட்டுக் கதை என்று பேச வைத்தேன். பேச்சுதான் சீக்கிரம் மங்க வைக்கும். கொஞ்ச நேரத்தில் வெளியே இருந்த வேப்பமரம் காணாமல் போனது.  அவள் கை தானாகக் கண்ணாடிக்குப் போனது.

"கைய மடியில வை."

"அன்னைக்கு இதுக்குள்ளதாம்மா இருந்தேன்" என்றாள். "ஒருத்தரும் நம்பல."

"நான் நம்பினேன்."

"நீ ஊதிப் பாத்துட்டுத்தான நம்பின?"

 "டிராக்டர்காரருக்குக் காட்டத்தான் ஊதினேன்" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் வெள்ளைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, "சரி, சொல்லு" என்றாள்.

முதலில் விரல் நுனியை உள்கண்ணாடியில் வைக்கச் சொன்னேன். விரல் நனைந்தால் ஈரம் உள்ளே. நனையாமல், வைப்பர் போட்டதும் தெளிந்தால் ஈரம் வெளியே. வெளியே என்றால் வைப்பர் போட்டு, உள்ளே குளிரைக் குறைத்தால் போதும். விரல் நனைந்தது. காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பினாள். ப்ளோயரைக் கூட்டினாள். ஏசியைப் போட்டாள். குளிராமல் இருக்க டெம்பரேச்சரைச் சிவப்புப் பக்கம் திருப்பினாள். ஏசி ஈரத்தை எடுத்துவிடும், சிவப்பு காற்றைச் சூடாக்கும். இரண்டும் ஒன்றாக ஓடலாம் என்பது எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. லிவரை வெளிக்காற்றுக்குத் தள்ளினாள். பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினாள்.

ப்ளோயரின் சத்தம் மாறியது. ஈரமண் வாசனையும் லேசான கரி வாசனையும் வந்தன. கண்ணாடியின் அடியில் இரண்டு பிறை மாதிரி தெளிவு தோன்றி, மேலே ஏறி, ஒன்றாகச் சேர்ந்தது. வேப்பமரம் திரும்ப வந்தது.

"இப்ப ஏசிய அணை. இந்தக் காரை நீ நம்பணும்னா அதையும் பாக்கணும்."

தயங்கி அணைத்தாள். லேசாக ஒரு மங்கல் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. அதோடு சரி. வெளிக்காற்று அதைத் தின்றுவிட்டது.

"ஆனா ஓடும்போது அணைக்காத. வேலைக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் ஓடட்டும்" என்றேன்.

அன்று ஒரு தரம் செய்ததோடு அவள் விடவில்லை. திரும்பத் திரும்ப மங்க வைத்து, திரும்பத் திரும்பத் தெளிய வைத்தாள். கடைசியில் என்னை இறங்கச் சொல்லிவிட்டாள். "நீ இல்லாம வருதான்னு பாக்கணும்" என்றாள். நான் வாசல்படியில் நின்று, அவள் முகம் மறைவதையும் திரும்பத் தெரிவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் பாடம்

இப்போது என் ஸ்கூலில் மழைக்காலத்திலும் மார்கழியிலும் சேருகிறவர்களுக்கு முதல் பாடம் இதுதான். எட்டு போடுவதும் ரிவர்ஸும் அப்புறம். முதலில் நிற்கிற காரில் பேசிக்கொண்டு உட்காருவோம். கண்ணாடி வெளுத்ததும், "இப்ப இதத் தெளிய வைங்க" என்பேன்.

ராமலிங்கம் சார் ஆட்சேபித்தார். "குளுருல ஏசி போட்டா ஜன்னி வந்துடும் மேடம்."

"சிவப்புப் பக்கம் திருப்புங்க சார்."

"அது அந்தப் பக்கமும் திரும்புமா?" என்று கேட்டுவிட்டு, திருப்பிப் பார்த்து, வெதுவெதுப்பு வந்ததும் கையைக் காட்டிக் காய்ந்துகொண்டார். கிளட்ச் இன்னும் வரவில்லை. கண்ணாடியை என்னைவிடச் சீக்கிரம் தெளிய வைக்கிறார்.

புதிதாகக் கார் ஓட்ட வருகிறவர்களுக்கு நான் சொல்வது: வண்டி கிளம்புவதற்கு முன்னாலேயே காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி வையுங்கள். நனைந்த குடை, ஈரத்துண்டு, ரெயின்கோட் எதையும் காருக்குள் வைக்காதீர்கள். தூசி பறக்கிற இடத்தில் லிவரை மூடுங்கள், தாண்டியதும் திறங்கள். பழைய கார் வாங்கினால் லிவரை வெளிக்காற்றில் வைத்து, ப்ளோயரை ஓடவிட்டு, வைப்பருக்குக் கீழே ஒரு ஊதுவத்தியைக் காட்டிப் பாருங்கள். ஓடும்போது வெளுத்துவிட்டால் கையால் துடைத்துக்கொண்டே ஓட்டாதீர்கள். வேகத்தைக் குறைத்து, பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, இண்டிகேட்டர் போட்டு, இடது ஓரம் நிறுத்துங்கள். வேலைக்குத் தாமதமாகப் போகலாம்.

ஸ்கூல் காரில் என் காலுக்குக் கீழே ஒரு பிரேக் உண்டு. மாணவர் தடுமாறினால் நான் மிதிப்பேன். நிவேதா மறுபடி வேலைக்குக் கிளம்பிய அன்று வாசலில் நின்ற என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. நல்ல பனி. கார் ஸ்டார்ட் ஆகி, கிளம்பாமல் நின்றது. கண்ணாடி அடியிலிருந்து மேலே தெளிந்து முடிக்கும் வரை அவள் அசையவில்லை. அப்புறம் கார் நகர்ந்து என்னைத் தாண்டிப் போனது. கண்ணாடி வழியாக அவள் முகம் நன்றாகத் தெரிந்தது.

அவள் எனக்குக் கை காட்டவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. கண் ரோட்டில் இருந்தது.